92 பேர் கணக்கு: என் வாம்பயர் நாவல் உருவான கேஸ்

கேஸ் ஷீட் எழுதியே பழகின கை, அதனால அப்படியே ஆரம்பிச்சிடறேன். நேரம் ராத்திரி 11.45. இடம் மும்பைல ஒரு ஆஸ்பத்திரியோட ரத்த வங்கி, எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. ட்யூட்டில நானும் எங்க சீனியரும். அவங்கள எல்லாரும் தாயின்னுதான் கூப்பிடுவோம், மராத்தில அக்கான்னு அர்த்தம், தமிழ்க்காரன் வாயில அது அம்மா ஆயிடும், அவங்களுக்கும் அது தெரியும், சிரிச்சுக்குவாங்க. வந்தது ஒரு சாம்பிள் ட்யூப், ரெண்டு பை ரத்தம் வேணும்னு ஒரு ஃபார்ம், கூடவே வெளில ஏதோ ஒரு லேப்ல எடுத்த ரிப்போர்ட், ஓ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. ஓ பாசிட்டிவ்தானே, ஃப்ரிட்ஜ் நெறைய கெடக்கு, பேஷன்ட் ரத்தத்தோட ஒத்துப்போகுதான்னு க்ராஸ்மேட்ச் போட்டு குடுத்துட்டு கட்டிங் சாய் குடிக்கப் போலாம்னு நெனச்சேன்.

முதல் பை போட்டேன், சேரல. ட்யூப்ல ரத்தம் கட்டி கட்டியா திரிஞ்சு நிக்குது. ரெண்டாவது, மூணாவது, நாலாவது, எல்லாம் அதே கதை. நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு மறுபடி முதல்லருந்து போட்டேன், அப்பவும் அதேதான். பேஷன்ட்டோட சீரத்தை, அதாவது ரத்தத்துல செல் போக மிச்ச தண்ணிய, அவரோட சொந்த ரத்தத்தோட சேத்துப் பாத்தா மட்டும் அமைதியா இருக்கு, அடுத்தவன் ரத்தம் பட்டா சண்டைக்கு நிக்குது. தாயி வந்து எட்டிப் பாத்தாங்க, ரிவர்ஸ் குரூப்பிங் போட்டியான்னாங்க, அதாவது பேஷன்ட் சீரத்தை குரூப் தெரிஞ்ச செல்லுங்களோட சேத்துப் பாக்கறது. போட்டேன். ஏ செல், பி செல் ரெண்டும் ஒட்டும், அது ஓ குரூப்ல வழக்கம்தான், ஆனா ஓ செல்லும் ஒட்டுது. தாயி ஒண்ணும் பேசல, ஃப்ரிட்ஜ் மூலைலருந்து ஒரு சின்ன பாட்டில் எடுத்தாங்க, ஒரு முள்ளுச்செடி விதைலருந்து எடுக்கற லெக்டின் அது, ஓ குரூப் ரத்தத்துல ஒரு சொட்டு விட்டா சும்மா தயிர் மாதிரி கட்டிக்கும். இதுல விட்டாங்க. ஒண்ணுமே ஆகல, தண்ணி மாதிரி கெடந்துச்சு.

"பாம்பே"ன்னாங்க.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஏ, பி எல்லாத்துக்கும் அடியில ஹெச்னு ஒரு அஸ்திவாரம் இருக்கு, அது மேலதான் ஏ-வும் பி-யும் கட்டடம் மாதிரி ஏறும். ஓ குரூப்காரங்களுக்கு கட்டடம் இல்ல, அஸ்திவாரம் மட்டும். பாம்பே குரூப்காரங்களுக்கு அஸ்திவாரமே கெடையாது, அதனால அவங்க உடம்பு ஹெச்சையே எதிரியா பாக்கும், ஓ நெகட்டிவ் குடுத்தாலும் ஆள் காலி. சும்மா மேலோட்டமா செல் குரூப்பிங் மட்டும் பாத்து விட்டா ஓன்னுதான் காட்டும், அந்த வெளி லேப் பண்ணின வேலை அதுதான். 1952ல டாக்டர் ஒய்.எம். பெண்டேவும் கூட இருந்தவங்களும் இந்த ஊர்லதான் இதை மொதல்ல கண்டுபிடிச்சு லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல எழுதினாங்க, ஊர் பேரே குரூப்புக்குப் பேராச்சு. 1995ல ஊர் பேரு மும்பைன்னு மாறிடுச்சு, ரத்தம் மட்டும் இன்னும் பாம்பேதான்.

இந்த குரூப்ல ஒரு விசேஷம் என்னன்னா, இவங்க செல்லுல எதுவுமே ஒட்டிட்டு இல்லாததால யாருக்கு வேணா குடுக்கலாம், பாசிட்டிவா நெகட்டிவாங்கற ஆர்ஹெச் மட்டும் பாத்துக்கணும். ஆனா வாங்கறது மட்டும் தன் ஆளுங்ககிட்டருந்துதான். ஊருக்கெல்லாம் குடுக்க முடியும், ஊருல ஒருத்தன்கிட்டயும் வாங்க முடியாது. தாயி இதை எப்பவோ சொல்லிக்குடுத்தப்ப சும்மா நோட்ல எழுதிகிட்டேன், அந்த ராத்திரிதான் அது எவ்வளவு பயங்கரமான விஷயம்னு உறைச்சுது.

லிஸ்ட்ல இருந்த பாம்பே குரூப் டோனர் ஒருத்தருக்கு ராத்திரி ஒரு மணிக்கு போன் அடிச்சோம். மும்பைக்கு வெளில, கல்யாண் ஸ்டேஷன் தாண்டி இருக்கார். தூக்கக் கலக்கத்துல எடுத்தவர் ஹிந்தில கேட்ட மொத கேள்வி, "கடைசியா குடுத்து எத்தனை நாளாச்சுன்னு உங்க ரிஜிஸ்டர்ல பாருங்க". பாத்தோம், 97 நாள். "அப்ப சரி, காலைல மொத லோக்கல்ல வர்றேன். யாருக்குன்னு எனக்கு சொல்லாதீங்க"ன்னு வச்சுட்டார். மும்பை லோக்கல் ராத்திரி ஒரு மணி வாக்குல நின்னு நாலு மணிக்கு மேலதான் மறுபடி ஓடும், அந்த மூணு மணி நேரம் ஊரே செத்தமாதிரி இருக்கும். அந்த மூணு மணி நேரத்த நானும் தாயியும் நாற்காலியில உக்காந்தே கழிச்சோம். அவர் வந்தார், குடுத்தார், டெஸ்ட்டெல்லாம் முடிஞ்சு பை மேல போச்சு. பேஷன்ட் பத்தி இதுக்கு மேல எழுதமாட்டேன், பொழச்சாச்சு, அது போதும்.

சரி, இதுல வாம்பயர் எங்கன்னு கேக்கறீங்கல்ல.

முதல் டிராஃப்ட் ஏன் செத்துச்சு

இந்த சம்பவத்துக்கு முன்னாடியே நான் ஒரு வாம்பயர் நாவல் பாதி எழுதி வச்சிருந்தேன். மலபார் ஹில்ல ஒரு பழைய பங்களா, அதுல ஒரு பாதி வெள்ளைக்காரன், கறுப்பு கோட்டு, வெளிறின மூஞ்சி, நீள நகம். படிச்ச ஃப்ரெண்டு கேட்டான், "மே மாசம் மும்பை புழுக்கத்துல அந்த கோட்ட போட்டுகிட்டு நிக்கறானே, அவனுக்கு வேர்க்குமா வேர்க்காதா?" என்கிட்ட பதில் இல்ல. அந்தக் கேள்விலயே அந்த டிராஃப்ட் முடிஞ்சுது.

அதுல இன்னொரு அசிங்கமும் இருந்துச்சு. என் வாம்பயருக்கு போர்ஃபிரியான்னு ஒரு நோய் வச்சிருந்தேன், வெயில் பட்டா தோல் வெந்துபோற நோய், அதுலருந்துதான் வாம்பயர் நம்பிக்கையே வந்துச்சுன்னு 1985ல ஒரு விஞ்ஞானி பேசி பேப்பர்லெல்லாம் பெருசா வந்த தியரி. எங்க டாக்டர் ஒருத்தர்கிட்ட பெருமையா சொன்னேன். செம டோஸ் விட்டார். அந்த நோய்க்காரங்களுக்கு ரத்தம் குடிச்சா ஒரு பிரயோஜனமும் இல்ல, வயித்துல போனா அது சாதா சாப்பாடு மாதிரி செரிச்சுடும், ஏற்கனவே கஷ்டப்படறவங்கள போய் பேய்ங்கறியேன்னார். சரிதானே. வெயில்ல சாகற சமாச்சாரமே பழைய நம்பிக்கை இல்ல, 1897ல வந்த டிராகுலா நாவல்ல அவன் பகல்லயும் நடமாடுவான், வெயில் பட்டு வாம்பயர் கரைஞ்சு போறது 1922ல ஒரு ஜெர்மன் ஊமைப்படம் கெளப்பி விட்டது. எனக்கு இது தெரிஞ்சதும் பெரிய நிம்மதி, ஏன்னா நான் பொறந்த தாராவி சந்துல வெயில் தரைய தொடறதே அபூர்வம், வாம்பயர் அங்க பட்டப்பகல்ல கைலி கட்டிகிட்டு போலாம், ஒருத்தன் திரும்பிப் பாக்கமாட்டான்.

பூண்டு விஷயத்தையும் அப்பவே தூக்கிட்டேன். திருநெல்வேலிக்காரங்க வாழற ஏரியால பூண்டுக்கு பயந்தா அவன் பட்டினிலயே செத்துருவான்.

நெஜ வாம்பயர் கேஸ்கள் பக்கம் போனது அதுக்கப்புறம்தான். நெஜம்னா, ஜனங்க நெஜமா பயந்து பொணத்தை தோண்டின கேஸ்கள். 1732ல செர்பியாவுல மெட்வெஜான்னு ஒரு ஊர், ஊர்ல வரிசையா சாவு, செத்தவன்தான் ராத்திரி வந்து ரத்தம் குடிக்கறான்னு பேச்சு, ஆஸ்திரிய ராணுவ டாக்டர் ஒருத்தர், ஃப்ளூக்கிங்கர்னு பேரு, போய் குழியெல்லாம் தோண்டிப் பாத்து ரிப்போர்ட் எழுதினார். ஒடம்பு உப்பியிருக்கு, வாய்ல ரத்தம், புதுசா நகம் வளந்திருக்குன்னு எழுதியிருக்கார். பிணவறை பக்கம் போய் வர்றவனுக்கு இதுல ஆச்சரியமே இல்ல, உள்ள வாயு சேந்தா ஒடம்பு உப்பும், நுரையீரல்லருந்து செவப்பா தண்ணி வாய் வழியா தள்ளும், தோல் சுருங்கினா நகம் நீண்டமாதிரி தெரியும். ஆனா அந்த ரிப்போர்ட்டோட தோரணைதான் என்னை புடிச்சு உலுக்குச்சு, நான் தெனமும் எழுதற ரிப்போர்ட் மாதிரியே இருக்கு, சீல் கையெழுத்தோட பேய்.

1892ல அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல எக்ஸெட்டர்ங்கற ஊர்ல மெர்சி பிரவுன்னு 19 வயசுப் பொண்ணு. அம்மா போயாச்சு, அக்கா போயாச்சு, அப்புறம் இவ, அண்ணன் எட்வின் படுத்த படுக்கை. எல்லாம் டிபி. யாரோ ஒருத்தர் செத்தும் சாகாம அண்ணன் உசிர உறிஞ்சுறாங்கன்னு ஊர்க்காரங்க அப்பாவ நச்சரிச்சு மூணு பேரையும் எடுத்துப் பாத்தாங்க. மெர்சி செத்தது ஜனவரி, எடுத்தது மார்ச், அந்த ஊர் குளிர்ல தரைக்கு மேல ஒரு கல்லறை அறையில வச்சிருந்ததால ஒடம்பு கெடல, இதயத்துல ரத்தம் இருந்துச்சாம். எடுத்து எரிச்சு அந்த சாம்பலை தண்ணில கலந்து அண்ணனுக்கு குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல அவனும் போயிட்டான். அப்பாவுக்கு இதுல நம்பிக்கையே இல்லையாம், ஊர் சொல்லுச்சேன்னு ஒத்துகிட்டாராம். டிராகுலா வர்றதுக்கு அஞ்சே வருஷம் முன்னாடி இது. டிபில ஒரே குடும்பத்துல ரெண்டு மூணு பேர் போறத தாராவில வளந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. எனக்கு இந்த கேஸ்ல பேய் முக்கியமா படல, அந்த அப்பாதான். ஒத்துக்கறது. யார் சொல்லி யார் ஒத்துக்கறாங்கங்கறது.

ஆச்சி சொன்ன கதவு

வாம்பயர் கதைங்கள்ல ஒரு ரூல் இருக்கு, வீட்டுக்காரங்க உள்ள வான்னு கூப்பிடாம அவன் படி தாண்ட முடியாது. இத எழுத உக்காந்தா மொத பிரச்சனை, நான் வளந்த வீட்டுல கதவுன்னு ஒண்ணு பகல்ல சாத்தினதே கெடையாது. பத்துக்குப் பதினஞ்சு கோலி, அதாவது ஒத்தை ரூம், வாசல்ல ஒரு பழைய சேலைத் திரை, எதிர்வீட்டு அக்கா கொழம்பு தர திரைய வெலக்கிட்டு நேரா அடுப்புக்கே வந்து நிப்பாங்க. யாரும் யாரையும் உள்ள வான்னு கூப்பிடறதே இல்லாத எடத்துல வாம்பயர் எதுக்கு காத்திருப்பான்?

பெங்களூருல ஒரு கதை உண்டு, 90கள்ல ராத்திரி ஒரு பேய் வந்து வீட்டு ஆளுங்க கொரல்லயே கூப்பிடும், கதவத் தொறந்தா போச்சு, அதனால ஜனங்க கதவுல நாளே பா-ன்னு கன்னடத்துல எழுதி வச்சாங்க, நாளைக்கு வான்னு. நல்ல கதை, ஆனா அதுக்கும் கதவு வேணுமே.

எங்க ஆச்சி ஊரு திருநெல்வேலி பக்கம். தாராவில 19ஆம் நூற்றாண்டு கடைசிலருந்தே தோல் பதனிடற வேலைக்கு திருநெல்வேலிச் சீமை ஆளுங்க வந்து குடியேறினாங்க, எங்க தாத்தாவும் அப்படி பின்னால வந்தவர்தான், தோல் ஷாப்புல வேலை. கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஊருக்குப் போவோம். சுடலைமாடன் கோயில் கொடைல கணியான் கூத்து நடக்கும், மகுடம்ங்கற மேளத்த அடிச்சு பாடறவங்க, ராத்திரி ஒரு நேரத்துல கைய கீறி சாமிக்கு ரத்தம் குடுப்பாங்க. சாமியாடி ஆட்டு ரத்தத்த அப்படியே குடிக்கறத சின்னப்புள்ளைல முன்வரிசைல உக்காந்து பாத்தவன் நான். அப்புறம் அதே ஆளு காலைல டீக்கடைல பேப்பர் படிச்சிட்டு இருப்பார். அதனால எனக்கு ரத்தம் குடிக்கறதுன்னாலே நடுக்கம்ங்கற வெள்ளைக்கார உணர்ச்சி வரவே மாட்டேங்குது, நம்ம ஊர்ல அது வெளிச்சத்துல, ஊர் பாக்க, மேளத்தோட நடக்கற விஷயம். வார்த்தையிலயும் இதே சிக்கல். வாம்பயர்னா தமிழ்ல ரத்தக்காட்டேரின்னு எழுதறோம், ஆனா காட்டேரி எத்தனையோ குடும்பத்துக்கு குலசாமி, படையல் போட்டு கும்பிடறாங்க. கும்பிடறவங்க சாமிய நான் போய் வில்லனாக்கினா அது நியாயமில்ல. அதனாலதான் நாவல் பூரா வாம்பயர்னே விட்டிருக்கேன், சிலருக்கு அது புடிக்காது, பரவால்ல.

ஆனா ஆச்சி சொன்ன நீலி கதை வேற ரகம். கதை தெரிஞ்சவங்களுக்கும் ஒருதடவ சொல்றேன். முன்ஜென்மத்துல தன்னைக் கொன்ன ஆள பழிவாங்க நீலி வர்றா. அவன் வியாபாரி, கைல மந்திர வாள், அது இருக்கறவரை அவளால தொட முடியாது. கள்ளிக்கொம்ப ஒடிச்சு புள்ளையாக்கி இடுப்புல வச்சுகிட்டு பழையனூர் ஊர்சபை முன்னாடி வந்து அழறா, இவர் என் புருஷன், கோவத்துல என்னை விட்டுட்டுப் போறார்னு. அவன் கதறறான், இவ பேய்னு. 70 வேளாளர்கள் விசாரிச்சு அவன் வாள வாங்கி வச்சுகிட்டு, உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க உசிரு பொறுப்புன்னு வாக்கு குடுத்து, ரெண்டு பேரையும் ஒரு வீட்டுல வச்சு கதவ சாத்திடறாங்க. காலைல அவன் செத்துக் கெடக்கான். 70 பேரும் சொன்ன வாக்குக்கு தீயில எறங்கினாங்க. திருவாலங்காடு பக்கம் பழையனூர்ல இன்னிக்கும் அவங்க நினைவு இருக்கு.

சின்ன வயசுல நான் ஆச்சிகிட்ட நீலி ஏன் அவ்வளவு கெட்டவன்னு கேட்டேன். ஆச்சி வெத்தல இடிச்சுகிட்டே சொன்னது, "ஏலே, நீலி என்னல செஞ்சா? வாசல்ல நின்னு அழுதா, அம்புட்டுதான். அவன உள்ள வச்சு பூட்டுனது ஆரு? ஊருதான?"

அந்த ஒரு வரிலதான் என் நாவல் நிக்குது. பேய் கேட்டுச்சு, அனுமதி குடுத்தது சாகப்போறவன் இல்ல, மத்தவங்க. மெர்சி கேஸ்ல அப்பா, பழையனூர்ல சபை, எங்க ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்த சம்மதம்னு ஃபார்ம்ல கையெழுத்து போடற மச்சான்.

பம்பாய் சரித்திரத்துலயும் இந்த கதவு வருது. 1896 செப்டம்பர்ல மாண்ட்வில டாக்டர் அகேசியோ வியேகஸ் பிளேக்னு கண்டுபிடிச்சு சொன்னார். அடுத்த வருஷம் அதிகாரிங்களும் சிப்பாய்ங்களும் வீடு வீடா பூந்து நோயாளிய தேடினாங்க, எந்த அனுமதியும் கெடையாது. பிளேக் வந்த வீட்டு சுவத்துல வட்டம் போட்டு வச்சிருக்கறத அந்தக்கால போட்டோல இன்னிக்கும் பாக்கலாம். ஆஸ்பத்திரிக்கு போனவன் திரும்பமாட்டான், அங்க ஒடம்புலருந்து என்னமோ எடுக்கறாங்கன்னு வதந்தி, 1896 அக்டோபர்ல ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரிய மில் தொழிலாளிங்க கூட்டமா போய் தாக்கினாங்க. 1897 ஜனவரி 10, ஹாஃப்கின்ங்கற விஞ்ஞானி தான் தயாரிச்ச பிளேக் தடுப்பூசிய தன் ஒடம்புலயே போட்டுப் பாத்தார். அதே வருஷம் மே மாசம் லண்டன்ல டிராகுலா வெளியாச்சு. அங்க கப்பல்ல மண்ணுப்பெட்டியோட வந்து எறங்கற பிரபு, இங்க கப்பல்ல எலியோட வந்து எறங்கின பிளேக். இத நான் நாவல்ல ஒரு வரி கூட சொல்லல, ஆனா என் வாம்பயர் பொறந்த வருஷம் 1897ன்னு வச்சேன், தெரிஞ்சவங்க சிரிச்சுக்கட்டும்.

கணக்கு

இப்ப கல்யாண் டோனர்கிட்ட திரும்ப வர்றேன், ஏன்னா கதவ குடுத்தது ஆச்சின்னா, எத்தனை நாளாச்சுன்னு கேட்டு கதைய குடுத்தது அவர்தான்.

நான் வேலைக்கு சேந்த காலத்துல பழைய ஆளுங்க சொல்ற கதையெல்லாம் ரத்தம் விக்கறவங்க பத்திதான் இருக்கும். காசுக்கு ரத்தம் குடுக்கறவங்க, நடுவுல புரோக்கர், ஆஸ்பத்திரி வாசல்லயே ரேட் பேசுவாங்களாம். ரத்தமில்லாம வெளிறிப் போன ஆளு மறுபடி வந்து வேற பேர்ல நிப்பானாம். 1996ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு குடுத்து, 1998 ஜனவரி 1லருந்து காசுக்கு ரத்தம் வாங்கறது நாடு பூரா தடையாச்சு. இந்த தேதிய ஒரு ட்ரெயினிங்ல பவர்பாயிண்ட்ல பாத்தேன், பக்கத்துல உக்காந்தவன் தூங்கறான், எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. 1997 டிசம்பர் 31 ராத்திரி ஒரு வாம்பயர் என்ன பண்ணுவான்? நூறு வருஷமா காசு குடுத்து ஒழுங்கா வாங்கி குடிச்சவன், நாளைலருந்து அது குத்தம்.

அதான் நாவல். அவன் ரத்த புரோக்கர். கோட்டும் இல்ல பங்களாவும் இல்ல, தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் ஒரு கோலி, கைல தோல்பை, அதுல ஒரு நோட்டு. எல்லா வீட்டுலயும் அவனை அவங்களே உள்ள கூப்பிடறாங்க, ஏன்னா மாசக் கடைசில அவன் வந்தாத்தான் அடுப்பு எரியும். பொண்டாட்டி சொல்றா, அண்ணே வந்திருக்காரு எந்திரிங்கன்னு. திரைய வெலக்கி விடறது அவதான். இத எழுதின அன்னிக்கு எனக்கே தூக்கம் வரல.

அவனுக்கு பாம்பே குரூப். இந்தியால சுமார் 10,000 பேருக்கு ஒருத்தர்னு சொல்வாங்க, ஐரோப்பாவுல பத்து லட்சத்துல ஒருத்தர். 1991 சென்சஸ்ல மும்பை சுமார் 99 லட்சம், அப்ப கிட்டத்தட்ட 990 பேர். அதுல கொழந்தைங்க, கெழவங்க, நோயாளிங்க, ரத்தம் கம்மியானவங்க எல்லாத்தையும் கழி. ஒருநாளைக்கு ஒரு பை, 350 மில்லின்னு வச்சுகிட்டேன். ஆம்பளை ஒருத்தர் ஒருதடவ குடுத்தா மறுபடி குடுக்க 90 நாள் ஆகணும்ங்கறது எங்க ரூல், பொம்பளைங்களுக்கு 120. அதனால ஆம்பளைங்களா பாத்தாலும் அவனுக்கு குறைஞ்சது 90 ஆளு வேணும், ரெண்டு பேர் ஸ்பேர், 92. விராருலருந்து கல்யாண் வரைக்கும் செதறிக் கெடக்கற 92 பேர், ஒவ்வொருத்தருக்கும் 92ஆவது நாள் மொறை வரும்.

இந்தக் கணக்கு போட்டு முடிச்சப்பதான் எனக்கு வாம்பயர் புரிஞ்சான். இவன் வேட்டைக்காரன் கெடையாது, பட்டி வச்சிருக்கறவன். அந்த 92 பேர்ல ஒருத்தனுக்கு டைஃபாய்டு வந்தா இவனுக்கு பயம், ஒருத்தன் குடிக்க ஆரம்பிச்சா இவன் போய் அட்வைஸ் பண்ணுவான், இரும்பு மாத்திரை வாங்கித் தருவான், முருங்கைக்கீரை கொண்டுபோய் குடுப்பான். பாசம் மாதிரியே இருக்கும். பாசமா இல்லியான்னு எனக்கும் தெரியாம இருக்கணும்னு ரொம்ப மெனக்கெட்டேன்.

வௌவால் பத்தி படிச்சதும் இதுக்கு ஒத்தாசையா இருந்துச்சு. நெஜமா ரத்தம் குடிக்கற வௌவால் அமெரிக்கக் கண்டத்துல மட்டும்தான், மெக்சிகோலருந்து அர்ஜென்டினா வரைக்கும். ரெண்டு மூணு ராத்திரி தொடர்ந்து கெடைக்கலன்னா செத்துடும், அதனால சாப்பிட்டு வந்தது பட்டினியா கெடக்கறதுக்கு வாயிலருந்து கக்கி ஊட்டும், 1984ல வில்கின்சன்னு ஒருத்தர் ஆராய்ச்சி பண்ணி எழுதினார். போன தடவ தனக்கு ஊட்டினவங்களுக்கு இது திருப்பி ஊட்டும். எங்க டோனர் லிஸ்ட் மாதிரியேதான்.

கழிச்சுக் கட்டினதும் நெறைய. மலபார் ஹில் தூங்கர்வாடில பார்சிங்க பொணத்தை கழுகுக்கு வைப்பாங்க, மாட்டுக்கு போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால பிணந்தின்னிக் கழுகு இனமே கிட்டத்தட்ட அழிஞ்சு வானம் காலியா போச்சு. இந்த ஒரு விஷயத்துக்கு 40 பக்கம் எழுதினேன், அழகா வந்துச்சு, ஆனா அது வேற நாவல், தூக்கிட்டேன். இன்னும் வலிக்குது.

கையெழுத்துப் பிரதி முடிஞ்சதும் கல்யாண்காரர்கிட்ட சொல்லியே ஆகணும்னு தோணுச்சு. அவரோட ஒரு வார்த்தைய வச்சு எழுதியிருக்கேன், சொல்லாம விட்டா நான் அந்த புரோக்கரவிட மோசம். ஒரு தெருமுனை சாய்க்கடைல உக்காந்தோம், அவருக்கு தமிழ் தெரியாது, கடைசி அத்தியாயத்த நான் ஹிந்தில படிச்சு சொல்றேன். புது வருஷம் பொறந்தாச்சு, பயத்துல பத்து பேர் ஓடிட்டாங்க, நோட்டுல 82 பேர்தான் மிச்சம், அதனால வாம்பயர் ஒருத்தன் வீட்டு திரைய 82ஆவது நாளே வெலக்கறான். எனக்கு அது பயங்கரமான எடம்னு நெனப்பு.

அவர் கிளாஸ கீழ வச்சார். "எண்பத்திரண்டுல ஏன் வர்றான்? தொண்ணூறு ஆகல."

"அண்ணே, அவன் வாம்பயர். ஆள் கொறஞ்சு போச்சு, பசிக்குது. அவன் போய் ரூல் பாப்பானா?"

"நூறு வருஷமா நோட்டு போட்டு கணக்கு பாத்தவன்னு நீதானே சொன்ன. அப்படிப்பட்டவன் பாக்காம இருப்பானா? ரெண்டு பேர் ஸ்பேர் போக எட்டு நாள் இடிக்குது. அந்த எட்டு நாள் அவன் பட்டினி கெடக்கட்டும். எங்கள ஏன் முன்னாடி கூப்பிடறான்?"

எங்களன்னு சொன்னதை அவர் கவனிச்சாரான்னு தெரியல. டீக்கு காசு அவரே குடுத்துட்டு ட்ரெயினுக்கு போயிட்டார். நான் அன்னிக்கு ராத்திரியே அந்த அத்தியாயத்த அழிச்சுட்டு மறுபடி எழுத ஆரம்பிச்சேன். அந்த எட்டு நாள் பட்டினிதான் இப்ப கடைசி 60 பக்கம்.